பரு விட்டுப்போன பள்ளங்கள்: லேசருக்குப் பணம் கட்டும் முன்

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். வயது 24. பத்தாம் வகுப்பில் தொடங்கிய முகப்பரு. இரண்டு கன்னத்திலும் பள்ளமும் கருமையான தடமும் கலந்து கிடக்கின்றன. தாடையோரம் மாதவிலக்குக்கு முந்தைய வாரம் இன்னும் புதுப் பரு வருகிறது. தை மாதம் கல்யாணம். கோயம்புத்தூரில் ஒரு கிளினிக்கில் ஆறு சிட்டிங் லேசர் எடுத்தால் தழும்பு முழுக்கப் போய்விடும் என்று சொல்லி, மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டச் சொல்கிறார்களாம். வீட்டில் பாட்டி, நீலகிரித் தைலமே போதும் என்கிறாராம். லேசர் எடுக்கலாமா, தழும்பு நிரந்தரமாகப் போகுமா என்று கேட்கிறார்.

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. முகத்தில் இருப்பதில் எது தழும்பு, எது வெறும் நிறம்? பரு இன்னும் வந்துகொண்டிருக்கும்போது தழும்புக்கு வைத்தியம் தொடங்கலாமா? தைக்குள் எவ்வளவு நடக்கும்? லேசரா வேண்டாமா என்பது இவை மூன்றுக்கும் பிறகு வருகிற கேள்வி. நீலகிரியில் பல வருடமாகத் தோல் நோய் பார்த்து வருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. தழும்பைத் தொட்டுப் பார்க்காமல் எந்த மருத்துவரும் முடிவு சொல்ல முடியாது. ஆகவே கீழே வரும் மருந்துப் பெயர்களை உங்களுக்கான சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கத்தான் இவ்வளவும்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். பகலில் ஜன்னலுக்குப் பக்கவாட்டாக உட்கார்ந்து, வெளிச்சம் ஒரு கன்னத்தில் சாய்வாக விழும்படி கைக்கண்ணாடியில் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் ஒரே கறையாகத் தெரிவது சாய்ந்த வெளிச்சத்தில் இரண்டாகப் பிரியும். நிழல் விழுகிற இடம் பள்ளம். நிழலே இல்லாமல் பழுப்பாகவோ சிவப்பாகவோ தெரிவது நிறம். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுங்கள். விரலுக்குத் தட்டுப்படாதது பெரும்பாலும் நிறம்தான். நம்மைப் போன்ற மாநிற, கறுத்த தோலில் பரு ஆறிய இடத்தில் மெலனின் என்ற நிறப்பொருள் கூடுதலாகச் சேர்ந்து கருமையாக நின்றுவிடும். மேல்தோலில் மட்டும் இருந்தால் சில மாதங்களில் தானாக மங்கும். ஆழத்தில் இறங்கி நீலம் கலந்த சாம்பல் நிறமாகத் தெரிந்தால் ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். சிவப்புத் தடம் என்பது வீக்கத்தில் விரிந்த நுண்ணிய இரத்தக் குழாய்கள். அதன் மேல் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஸ்கேலை அழுத்தினால் சிவப்பு மறைந்து, எடுத்ததும் திரும்பி வரும். இவை இரண்டுமே தழும்பு இல்லை. தழும்பு என்று சொல்லிக்கொண்டு வருகிற நிறைய பேருக்கு மனதை வாட்டுவதில் பெரும்பங்கு இந்த நிறம்தான். அதற்குப் பள்ளத்துக்கான லேசரை எடுத்தால் நிறம் இன்னும் கறுக்கவும் கூடும்.

நிழல் விழுகிற இடங்களை இப்போது இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பிடித்துப் பாருங்கள். இழுத்ததும் பள்ளம் காணாமல் போனால் அது அலை அலையான தழும்பு. நான்கைந்து மில்லிமீட்டர் அகலம் இருக்கும், ஓரம் தெளிவாக இருக்காது, தோலின் அடியிலுள்ள நார்கள் தோலைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். இழுத்தாலும் அப்படியே நின்று, ஓரம் வெட்டினாற்போல் தெரிந்தால் அது பெட்டித் தழும்பு. அம்மைத் தழும்பைப் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். மூன்றாவது, ஊசியால் குத்தி எடுத்தது மாதிரி குறுகலாக, 2 மில்லிமீட்டருக்கும் குறைவான வாயோடு ஆழமாக இறங்கும் ஊசிக்குழி. இந்த மூவகைப் பிரிப்பு 2001 முதல் வழக்கத்தில் இருக்கிறது. இது வெறும் பெயர் சூட்டல் இல்லை. வகைக்கு வகை வைத்தியமே வேறு. ஒரே முகத்தில் மூன்றும் இருப்பதுதான் வழக்கம். அதனால்தான் முகத்தைச் சரியாகப் பார்க்கும் முன்பே ஆறு சிட்டிங் என்று எண்ணிக்கை சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை.

பள்ளம் எப்படி விழுகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. மயிர்க்காலுக்குள் எண்ணெய்ச் சுரப்பியின் கொழுப்பும் உதிர்ந்த செல்களும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. எல்லோர் தோலிலும் இயல்பாக வாழும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற நுண்ணுயிர் அந்த அடைப்புக்குள் பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கக் கிளம்பும்போது வீங்குகிறது, சீழ் வைக்கிறது. மயிர்க்காலின் சுவர் உடைந்து உள்ளிருப்பது சுற்றிலும் சிந்தினால் அங்கே தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் நார்கள் கரைகின்றன. கரைந்த அளவுக்குத் திரும்ப வராவிட்டால் பள்ளம், அளவுக்கு மிஞ்சி வந்தால் மேடு. முகத்தில் பெரும்பாலும் பள்ளம்தான். மார்பு, தோள்பட்டை, தாடையோரம் ஆகிய இடங்களில் மேடு வரும் வாய்ப்பு அதிகம். ஒரே வீட்டில் அண்ணனுக்கு முகம் நிறையப் பரு வந்து தடமில்லாமல் போயிருக்கும், தங்கைக்கு நாலு பருவில் நாலு குழி விழுந்திருக்கும். அது உடல்வாகு, யாருடைய தவறும் இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது இது: பரு தொடங்கியதற்கும் சரியான வைத்தியம் தொடங்கியதற்கும் இடையே காலம் நீள நீளத் தழும்பு கூடுகிறது. கிள்ளுவதும் பிதுக்குவதும் கூட்டுகின்றன. "வயசுக் கோளாறு, தானா போயிடும்" என்று வீட்டில் சொல்லித் தள்ளிப்போடுகிற இரண்டு மூன்று வருடத்தில்தான் பெரும்பாலான பள்ளங்கள் விழுகின்றன. உங்களுக்குத் தம்பி தங்கை யாராவது இருந்து, அவர்களுக்கு இப்போது வலிக்கிற பரு வந்துகொண்டிருந்தால், முதலில் அவர்களைக் காட்டுங்கள்.

சரி, உங்கள் தாடையோரப் பருவுக்கு வருவோம். பரு வந்துகொண்டிருக்கும்போதே பள்ளத்துக்கு லேசர் எடுப்பது, கூரை ஒழுகும்போது சுவருக்கு வெள்ளையடிப்பது போலத்தான். புதுப் பரு நின்று ஓரிரு மாதமாவது ஆன பிறகே தழும்பில் கை வைக்க வேண்டும். பருவை நிறுத்த அடாபலீன் 0.1 சதவீத ஜெல் இரவிலும், பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் பகலிலும் என்பது பழகிய அடிப்படை. அடாபலீனைப் பரு மேல் மட்டும் பொட்டு வைப்பது போல வைக்கக்கூடாது. ஒரு பட்டாணி அளவு எடுத்து முழு முகத்துக்கும் பரப்ப வேண்டும், அடுத்த பரு எங்கே வரப்போகிறது என்று நமக்குத் தெரியாது அல்லவா. முதல் சில வாரம் தோல் உரியும், சிலருக்குப் பரு கொஞ்சம் கூடும். அங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். நம் ஊரில் பனிக்காலம் வந்து காற்று வறண்டுவிட்டால் இந்த ஜெல் எரிச்சல் தரும். அப்போது ஒருநாள் விட்டு ஒருநாள், முதலில் மாய்ஸ்சுரைசர், அதன்மேல் ஜெல் என்று மாற்றிக்கொள்ளலாம். குளிருக்காகக் கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீரில் முகம் கழுவுவதையும் விட்டுவிடுங்கள். வெதுவெதுப்பு போதும். பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும், ஆகவே நல்ல ஸ்கார்ஃபையும் தலையணை உறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு மருந்தும் சேரும்போது புதுத் தழும்பு விழுவது குறைகிறது, இருக்கிற ஆழமற்ற தழும்பும் ஓரளவு சீராகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

கிளிண்டமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் போடக்கூடாது. கிருமி பழகிப்போய் மருந்து பலிக்காமல் போகும். டாக்சிசைக்ளின் மாத்திரையும் மூன்று நான்கு மாதத்துக்கு மேல் இழுக்க வேண்டியதில்லை. உங்கள் வயதில் தாடையோரம், மாதவிலக்கை ஒட்டி வருகிற பருவில் ஹார்மோனின் பங்கு இருக்கலாம். மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறதா, மோவாயில் முடி தடிக்கிறதா என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிக்கான பரிசோதனை தேவைப்படும், வைத்தியமும் மாறும்.

அப்புறம் ஐசோட்ரெட்டினாயின். தழும்பு விழும் தன்மையுள்ள பருவுக்கு இதைவிட வலுவான மாத்திரை நம்மிடம் இல்லை. ஆனால் தை மாதம் கல்யாணம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மாத்திரை சாப்பிடும்போது கரு உண்டானால் குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைபாடுகள் வரும் ஆபத்து அதிகம். நிறுத்திய பிறகும் குறைந்தது ஒரு மாதம் கரு தரிக்கக்கூடாது. ஒரு சுற்று வைத்தியம் பொதுவாக ஐந்து ஆறு மாதம் ஓடும். இப்போது ஆனி. உடனே தொடங்கினால் ஏறக்குறைய கல்யாணச் சமயத்தில்தான் முடியும். எடுப்பதா, வேறு வழியில் போவதா என்பதை மருத்துவரிடம் கல்யாணத் தேதியைச் சொல்லி வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். எடுத்தால் கொழுப்பு, ஈரல் ரத்தப் பரிசோதனை உண்டு. யாரோ சொன்னார்கள் என்று கடையில் வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரை இது இல்லை. அடாபலீனையும் டாக்சிசைக்ளினையும்கூட கர்ப்பக் காலத்தில் தவிர்க்கிறோம். அப்போது அஸிலாயிக் ஆசிட் போன்றவை கைகொடுக்கும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் கேட்பார்கள். சர்க்கரையும் மைதாவும் போல ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுகிற உணவுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. பாலுக்கு ஆதாரம் அதைவிட மெலிது. எண்ணெய்ப் பலகாரம் தின்றால் அந்த எண்ணெய் முகத்தில் வழியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நாள் முழுக்க டீயும், மைதாவில் செய்கிற வர்க்கி பிஸ்கட்டுமாக ஓடுகிற ஊர் நம்முடையது. டீயை விட வேண்டாம், சர்க்கரையைக் குறைத்து மூன்று மாதம் பாருங்கள். குறைந்தால் நல்லது, குறையாவிட்டால் அதற்காக வர்க்கியைத் துறக்க வேண்டாம்.

பாட்டியின் தைலத்துக்கு வருகிறேன். நீலகிரித் தைலம் சளிக்கு ஆவி பிடிக்க, மேலுக்குத் தேய்க்க நம் வீடுகளில் காலம் காலமாக இருப்பது. ஆனால் அதை அப்படியே முகத்தில், அதுவும் உடைந்த பருவின் மேல் வைத்தால் தோல் வெந்து சிவக்கும், சிலருக்குக் கொப்புளம் போடும். ஆறியதும் அந்த இடம் முன்னைவிடக் கறுத்திருக்கும். ஊட்டிக் கடைகளில் மூட்டு வலிக்கு விற்கிற கோல்தேரியா தைலமும் அப்படித்தான், அதில் இருப்பது மீத்தைல் சாலிசிலேட், முகத்துக்கு ஆகாது. எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போனால் சூடு பட்டது போலக் கறுக்கும். எந்தத் தைலத்துக்கும் கரைந்துபோன கொலாஜனைத் திரும்பக் கொண்டுவரும் சக்தி இல்லை. பாட்டியிடம் சண்டை போட வேண்டாம், தைலத்தை நெஞ்சுச் சளிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

தைலத்தைவிட எனக்குக் கவலை தருவது மெடிக்கல் ஷாப்பில் "முகம் வெளுக்கும், பருவும் போகும்" என்று கொடுக்கிற க்ரீம்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் பாருங்கள்: பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று சோன், சால் என முடிகிற பெயர் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று இருக்கும், வீக்கமும் அடங்கும். அப்புறம் தோல் மெலியும், சிவப்பு நரம்புகள் கோடு கோடாகத் தெரியும், முடி முளைக்கும், பரு கொத்துக் கொத்தாக வரும். விட்டால் எரியும் என்பதால் விடவும் முடியாது. 2018-இல் மத்திய அரசு இவற்றில் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்குக் கொண்டுவந்தது. இன்னும் கேட்டால் கிடைக்கிறது. நீங்கள் இப்படி ஏதாவது போட்டிருந்தால் வெட்கப்படாமல் ட்யூபையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அது தெரியாமல் லேசரோ, அமிலம் தடவி மேல்தோலை உரிக்கிற பீலோ செய்தால் மெலிந்த தோல் தாங்காது.

இனி வெயில். குளிர் ஊரில் சன்ஸ்கிரீன் எதற்கு என்று இங்கே எல்லோரும் நினைக்கிறோம். தோலைக் கறுக்க வைப்பது வெயிலின் சூடு மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். உயரம் ஆயிரம் மீட்டர் ஏறினால் அது ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. மலையடிவாரத்திலுள்ள மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை மட்டுமே தள்ளி. ஆக கீழே வியர்த்துக்கொண்டு நிற்பவரைவிட மேலே ஸ்வெட்டர் போட்டு நிற்பவருக்குக் கதிர் அதிகம், உறைக்காது, அவ்வளவுதான். மெல்லிய மேகமும் மூடுபனியும் இதில் பெரும்பகுதியைத் தடுப்பதில்லை. பனிக்காலத்தில் காலையில் வாசலில் உட்கார்ந்து வெயில் காய்வது நம் ஊர்ச் சுகம், அதை நான் எடுக்க மாட்டேன். முதுகைக் காட்டிக் காயுங்கள், முகத்தைக் காட்ட வேண்டாம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கண்ணாடி மூடியிருந்தாலும் புற ஊதா ஏ கதிர் உள்ளே வரும்.

நிறத்தடத்துக்கு உண்மையான மருந்து இந்தச் சன்ஸ்கிரீன்தான் என்பேன். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் வருகிற அளவு முகம் கழுத்துக்கு வேண்டும். பலரும் இதில் கால்வாசி போட்டுவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். வெளி வேலை என்றால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் நம் நிறத் தோலைக் கறுக்க வைக்கும், அதைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இவ்வளவு கட்டுப்படியாகாது. அகல விளிம்புத் தொப்பியும் முகத்தைச் சுற்றிய பருத்தித் துணியும் அவர்களுக்குச் செலவில்லாத நல்ல காவல்.

பரு நின்று, நிறமும் கொஞ்சம் மங்கிய பிறகு மிஞ்சுகிற பள்ளங்களுக்கு வருவோம். இங்கே லேசரைவிட நான் முதலில் நினைப்பது இரண்டு எளிய முறைகளை. ஒன்று சப்சிஷன். 1995-இல் விவரித்து எழுதப்பட்ட முறை. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, தழும்புக்கு அடியில் ஊசியையோ மழுங்கிய குழலையோ கிடையாகச் செலுத்தி, தோலைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை அறுத்துவிடுவோம். வலி அதிகம் இல்லை. ஆனால் அறுபடும்போது நறநறவென்று ஒரு சத்தம் காதுக்குள் கேட்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் படுத்திருப்பவர் பயந்துவிடுவார். ஒரு வாரம் பத்து நாள் கன்னம் வீங்கி நீலம் பாரித்திருக்கும். இழுத்தால் மறைகிற அலைத் தழும்புக்கு இதுதான் பொருத்தம். நார் பிடித்துக்கொண்டிருக்க, மேலே எத்தனை முறை லேசர் அடித்தாலும் தோல் எழும்பாது.

மற்றது ஊசிக்குழிக்கு. டிசிஏ என்கிற ட்ரைகுளோரோஅசிட்டிக் ஆசிட்டை 70 முதல் 100 சதவீத வலுவில், கூர்மையான குச்சி நுனியில் தொட்டு, குழியின் அடியில் மட்டும் வைப்பது. சில நொடியில் அந்த இடம் வெள்ளை பூக்கும். பொருக்கு கட்டி ஒரு வாரத்தில் உதிரும். நான்கு வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டுத் திரும்பச் செய்யச் செய்யக் குழி அடியிலிருந்து மேலே வரும். குழிக்கு வெளியே சொட்டினால் புதுத் தழும்பு விழும். ஆகவே இதை வீட்டிலோ அழகு நிலையத்திலோ செய்துகொள்ளவே கூடாது. ஆழமான பெட்டித் தழும்பையும் அகலமான ஊசிக்குழியையும் சிறு வட்டக் கத்தியால் எடுத்துத் தைப்பதோ, அடியை மேலே தூக்கிவிடுவதோ உண்டு. இவற்றுக்கெல்லாம் விலை உயர்ந்த இயந்திரம் வேண்டாம், பழகிய கை வேண்டும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலும், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதில் எது செய்கிறார்கள் என்று ஒரு நடை போய் விசாரித்துவிடுங்கள். பருவுக்கான மருந்தையாவது அங்கேயே தொடங்கிவிடலாம்.

லேசருக்கும் இடம் இருக்கிறது. ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண் துளைகளை வரிசையாகப் போடுகிறது. இடையில் நல்ல தோல் மிஞ்சியிருப்பதால் விரைவில் ஆறுகிறது, ஆறும்போது புதுக் கொலாஜன் உருவாகிறது. ஆழம் குறைந்த பெட்டித் தழும்புக்கு நல்ல பலன் உண்டு, ஊசிக்குழிக்குக் குறைவு. முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அடித்த இடம் கறுப்பது நம் நிறத்தோலில் அடிக்கடி நடக்கிறது, பெரும்பாலும் சில மாதத்தில் மங்கும். சிறு ஊசிகள் பதித்த மைக்ரோநீட்லிங்கில் அந்த ஆபத்து குறைவு, ஆகவே கறுக்கும் தோலுக்கு முதலில் அதையே நினைப்பேன். இணையத்தில் விற்கிற ரோலரை வாங்கி வீட்டில் உருட்டாதீர்கள். குட்டை ஊசி தழும்பின் ஆழத்தைத் தொடாது, நீள ஊசி கிருமியை உள்ளே கொண்டுபோகும். உங்கள் சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து முகத்தில் போடும் பிஆர்பியைத் தனியாகச் செய்தால் பள்ளம் நிரம்பும் என்பதற்கு ஆதாரம் போதாது. மைக்ரோநீட்லிங்கோடு சேர்க்கும்போது கொஞ்சம் கூடுதல் பலன் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சில சொல்லவில்லை. ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும், ஆனால் பெரும்பாலானவை மாதங்களில் கரையும். தாடையிலோ தோளிலோ தடித்து அரிக்கிற மேட்டுத் தழும்பு இருந்தால் அதற்கு வழியே வேறு, மேட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசியும் சிலிக்கான் ஜெல்லும். அப்படி ஒன்று இருந்தால் லேசர் பேச்சு எடுக்கும் முன்பே காட்டுங்கள்.

அந்தக் கிளினிக்கில் நீங்கள் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். என்ன லேசர் என்று பெயர் கேளுங்கள். கார்பன் பீல் என்ற பெயரில் செய்வது பெரும்பாலும் நிறத்துக்கான க்யூ ஸ்விட்ச்டு லேசர், அது ஆழமான பள்ளத்துக்கு அதிகம் உதவாது. லேசர் பிடிப்பது தோல் மருத்துவரா, பணியாளரா? காதோரம் சிறு இடத்தில் அடித்துப் பார்த்து, கறுக்கிறதா என்று சில வாரம் பொறுத்துவிட்டுத் தொடர்வார்களா? என் பள்ளத்தில் எது எந்த வகை, சப்சிஷன் தேவையா? ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனியாகப் பணம் கட்டலாமா? இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னால் நல்ல இடம். முழுக்கப் போய்விடும் என்று உறுதி கொடுத்தாலே நான் எழுந்து வந்துவிடுவேன். யாராலும் அப்படி உறுதி கொடுக்க முடியாது. பள்ளத்தின் ஆழம் பாதியாகக் குறைந்து, பேசும் தூரத்தில் கண்ணில் படாத அளவுக்கு வந்தால் அது நல்ல பலன். அந்த அளவுக்கு வந்தது நிலைக்கும், புதுப் பரு வந்து புதுப் பள்ளம் போடாத வரை.

ஐசோட்ரெட்டினாயின் எடுத்தால் ஆறு மாதம் எதையும் தொடக்கூடாது என்பது பழைய விதி. 2017-இல் தோல் மருத்துவ வல்லுநர்கள் ஆதாரங்களைத் திரட்டிப் பார்த்து, ஃப்ராக்ஷனல் லேசரையும் மேலோட்டமான பீலையும் அவ்வளவு தள்ளிப்போட வேண்டிய அவசியம் இல்லை என்றார்கள். தோலை முழுக்கச் சீவுகிற டெர்மாப்ரேஷனுக்கும் முழு மேல்தோலையும் எடுக்கிற லேசருக்கும் எச்சரிக்கை அப்படியே இருக்கிறது. இன்னும் சில மருத்துவர்கள் பழைய விதியைப் பின்பற்றுகிறார்கள், அது தவறு இல்லை. உதட்டில் அடிக்கடி அக்கி போல் கொப்புளம் வருகிறவர் என்றால் லேசருக்கு முன்பே சொல்லிவிடுங்கள், அதற்கு முன்கூட்டி மாத்திரை தருவார்கள்.

தைக்கு ஏழு மாதம் இருக்கிறது. என்னிடம் வந்திருந்தால் புரட்டாசி வரை பருவை நிறுத்துவதும் சன்ஸ்கிரீனும் மட்டும்தான் செய்வேன். அதற்குள் நிறம் மங்கி, நீங்கள் நினைத்ததைவிடப் பள்ளம் குறைவு என்று தெரிய வாய்ப்பு உண்டு. ஐப்பசியில் தேவையான இடத்துக்கு மட்டும் சப்சிஷனோ டிசிஏவோ ஒருமுறை, தோல் தாங்கினால் கார்த்திகைத் தொடக்கத்தில் இன்னொருமுறை. அதற்கப்புறம் கல்யாணம் முடியும் வரை ஒன்றும் இல்லை. மார்கழியில் புதிதாக லேசரோ பீலோ யார் சொன்னாலும் வேண்டாம், கறுத்துவிட்டால் மங்க நேரம் இருக்காது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு பார்லரில் ப்ளீச், ஃபேஷியல் என்று தேய்ப்பதும் வேண்டாம். மீதிப் பள்ளத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். குழந்தை உண்டானால் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பழைய தழும்பு காத்திருப்பதால் மோசமாகிவிடாது. கீழே போய் லேசர் எடுப்பதாக இருந்தால் அன்றே மலையேறாமல் ஒரு ராத்திரி தங்கி மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வருவது நல்லது. வெந்த முகத்தோடு உச்சி வெயிலில் கொண்டை ஊசி வளைவுகளில் வருவது பெரிய இம்சை.

மறுபடி எழுதினால் மூன்று விஷயம் சேர்த்து எழுதுங்கள்: மாதவிலக்கு ஒழுங்காக இருக்கிறதா, இதுவரை போட்ட க்ரீம்களின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது, காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ உங்களுக்கோ வீட்டில் யாருக்காவதோ தோல் தடித்து மேடாகியிருக்கிறதா. மூன்றாவதற்குப் பதில் ஆம் என்றால் அந்தக் கிளினிக்கில் எதற்கும் கையெழுத்துப் போடும் முன் அதை அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.